வகுப்பறையில் கோபம் வரலாமா? வாசகர் கேள்விகளும் டீச்சரின் பதில்களும்

போன இதழில், சமூக அறிவியல் பாடத்திலும் குடிமைப் பாடத்திலும் உணர்ச்சிக்கு என்ன வேலை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்குக் கோபமும் அழுகையும் வருகிற பாடம் மோசமான பாடம் இல்லை என்று அதில் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

‘டீச்சர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சமூக அறிவியல் என்றால் சான்று, காரணம், விளைவு. அதில் உணர்ச்சி கலந்தால் பாடம் பிரசாரம் ஆகிவிடும். அதனால் உணர்ச்சியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்கிறேன். நான் செய்வது சரிதானே?’ (ஓர் இளம் ஆசிரியர்)

செருப்பைக் கழற்றலாம் தம்பி, இதை எப்படிக் கழற்றுவது? நீங்கள் அப்படிச் சொன்னவுடன் என்ன ஆகிறது என்று பாருங்கள். பத்துப் பேருக்குச் சலிப்பு, ஐந்து பேருக்கு உங்கள்மேல் பயம், ஒருத்திக்கு நீங்கள் நடத்துகிற இடப்பெயர்வு தன் பாட்டி பட்ட பாடு என்பதால் தொண்டை அடைக்கிறது, ஆனால் அதைக் காட்டக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சலிப்பும் ஓர் உணர்ச்சிதான். உங்கள் வகுப்பில் உணர்ச்சி இல்லாமல் இல்லை, உங்களுக்கு வசதியான உணர்ச்சிகள் மட்டும் இருக்கின்றன.

நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994-இல் வெளியிட்ட நூலில் சில நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில் ஓரிடத்தில் சேதம், ஆனால் அறிவுத்திறன் சோதனையில் ஒரு குறையும் தெரியாது, பேச்சும் தெளிவு. மங்கிப்போனது உணர்ச்சி மட்டும்தான். அப்படி ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டாராம். அந்த மனிதர் அரை மணி நேரம் போல இரண்டு நாளுக்கும் சாதக பாதகங்களை அடுக்கினாராம், அன்றைக்கு வானிலை எப்படி இருக்கும் என்பது உட்பட. தேதி மட்டும் முடிவாகவில்லை. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று உள்ளே ஒன்று சொல்லாவிட்டால் காரணங்கள் முடிவில்லாமல் வரிசைகட்டி நிற்கும். குடிமைப் பாடமோ மற்றவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கப் பழகுகிற பாடம். அதை உணர்ச்சி இல்லாமல் நடத்துவது நீச்சலைக் கரையில் வைத்துச் சொல்லித்தருவது மாதிரி.

அதற்காக உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பிரசாரம் செய்கிறவர்களும் உணர்ச்சியைத்தான் தொடுகிறார்கள். ஆனால் அவர்கள் உணர்ச்சியைக் கிளப்பிவிட்டுக் காரணத்தைக் கேட்க விடமாட்டார்கள். நாம் கேட்க வைக்க வேண்டும். ஒரு பையனுக்குப் பாடத்தைப் படித்துக் கோபம் வருகிறது என்றால், அவன் மனதுக்குள் மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொள்கிறான்: யாரோ ஒன்றைச் செய்தார்கள், அது அநியாயம், செய்யாமல் இருந்திருக்க முடியும். மூன்றையும் சான்று வைத்துச் சோதிக்கலாம். சில சமயம் கோபம் சரியாக இருக்கும், ஆனால் ஆள் தப்பாக இருக்கும். சில சமயம் ஆள் சரி, ஆனால் அந்த ஆளுக்கு அப்போது வேறு வழியே இருந்திருக்காது. இது நமக்கு ஒன்றும் புது யோசனை இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்பட்டுத் தெரிகிற உணர்ச்சி, எட்டு என்று பட்டியல் போட்டதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகச் சொல்லிக்கொண்டு போகிறார். வெகுளிக்கு, அதாவது கோபத்துக்கு, அவர் சொல்வது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அங்கத்தைச் சிதைப்பதும், சார்ந்து வாழ்கிறவர்களை நலிப்பதும், அடித்து வருத்துவதும், கொல்வதும். படித்துப் பார்த்தால் வரலாற்றுப் புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது.

ஆகவே வாசலில் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, ‘எதனால் உனக்கு அப்படித் தோன்றுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் சில நாள் பதிலே வராது. விடாமல் கேளுங்கள்.

‘பஞ்சத்தைப் பற்றிய பாடத்தில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களின் புகைப்படத்தைக் காட்டினேன். மூன்று மாணவர்கள் சிரித்தார்கள். அதிர்ந்துபோய் அவர்களை வெளியே அனுப்பிவிட்டேன். இந்தத் தலைமுறைக்கு இரக்கமே இல்லையா?’ (ஓர் ஆசிரியை)

இருக்கிறது அம்மா. சிரிப்பு எப்போதும் கேலி ஆகாது. பதின்மூன்று வயதில் ஒரு பயங்கரத்தை, அதுவும் பக்கத்தில் நண்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்கொள்வதற்கு அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிற ஒரே ஆயுதம் பல சமயம் சிரிப்புதான். என் வகுப்பிலும் ஒருவன் சிரித்தான், நானும் கத்தினேன். அன்றைக்கு அவன் நோட்டை வாங்கிப் பார்த்தபோது பாடக்குறிப்புக்குப் பக்கத்தில் அந்தப் படத்தில் இருந்த குழந்தையின் கையை மட்டும் பென்சிலால் வரைந்து வைத்திருந்தான். ஐந்து விரலும் தனித்தனியாக, முட்டி எலும்போடு. சிரித்தவன்தான் மற்றவர்களைவிட உன்னிப்பாகப் பார்த்திருக்கிறான்.

படத்தைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பார்க்கக் கஷ்டமாக இருக்கும், சிரிப்புக்கூட வரலாம், வந்தால் பதறாதீர்கள். காட்டிய பிறகு இரண்டு நிமிஷம் யாரும் பேச வேண்டாம், முதலில் கண்ணில் பட்டது என்ன, மனதில் என்ன தோன்றியது என்று இரண்டு வரி எழுதட்டும். உணர்ச்சிக்குப் பேர் வைப்பதே அதன் வேகத்தைக் குறைக்கும். மேத்யூ லீபர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையில் பார்த்தது அதைத்தான்: கோபமோ பயமோ தெரிகிற முகங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிந்தது.

அப்புறம், வெளியே அனுப்பிய மூன்று பேரையும் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். அவர்களுக்கு இப்போது பஞ்சம் மறந்து உங்கள் முகம்தான் ஞாபகம் இருக்கும்.

‘நீலக்கண், பழுப்புக்கண் பரிசோதனையைப் பற்றிப் படித்தேன். பாகுபாடு என்றால் என்ன என்பதை மாணவர்கள் உணர அதைவிடச் சிறந்த வழி இல்லை என்று தோன்றுகிறது. எங்கள் வகுப்பிலும் செய்யலாமா?’ (பயிற்சிக் கல்லூரி மாணவி)

வேண்டாம்மா. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வயதில் எனக்கும் அது பெரிய ஆசையாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சின்ன ஊரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே இருந்த தன் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது, பிறகு தலைகீழாக மாற்றினார். பின்னால் அதே பாடத்தை 1970-இல் வெளியான ஓர் ஆவணப்படத்துக்காகப் படம்பிடித்தார்கள். அதில் ஓர் இடம் மறக்க முடியாதது. கழுத்தில் பட்டை கட்டி ‘தாழ்ந்தவர்கள்’ என்று வைக்கப்பட்ட நாளில் பழுப்புக்கண் பிள்ளைகள் ஒரு கட்டு எழுத்து அட்டைகளைப் படித்து முடிக்க ஐந்தரை நிமிஷம் எடுத்தார்கள். மறுநாள் பட்டை கழன்றதும் அதே பிள்ளைகளுக்கு இரண்டரை நிமிஷம் போதுமாக இருந்தது.

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 1967-இல், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர் இன்னொன்றைச் செய்தார். நாஜிகள் காலத்தில் சாதாரண ஜெர்மானியர்கள் எப்படிச் சும்மா இருந்தார்கள் என்று கேட்ட மாணவர்களுக்குப் பதிலாக, நிமிர்ந்து உட்கார், எழுந்து நின்று சுருக்கமாகப் பதில் சொல், இந்த மாதிரி வணக்கம் வை என்று ஓர் ‘இயக்கம்’ ஆரம்பித்தார். அவரே பின்னால் எழுதியதன்படி, முப்பது பேரில் தொடங்கியது சில நாளில் இருநூறைத் தாண்டிவிட்டது, ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கூட்டம் போட்டு உண்மையைச் சொல்லி நிறுத்தினார்.

இரண்டுமே மாணவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பதிந்ததா என்பது மட்டும் கேள்வி ஆகாது.

நான் செய்தது இவ்வளவு பெரிசு இல்லை. சீட்டுக் குலுக்கிப் பாதி வகுப்பை ‘மேல்’ என்றும் பாதியைக் ‘கீழ்’ என்றும் பிரித்து, கீழ்ப் பிரிவினர் ஒரு பீரியட் முழுக்க மேல்பிரிவினரின் நோட்டுப் புத்தகங்களைச் சுமக்க வேண்டும் என்றேன். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. ஏற்கெனவே மற்ற பிள்ளைகள் தினமும் சீண்டுகிற ஒரு பையனுக்கும் கீழ்ச் சீட்டுதான் விழுந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. மணி அடித்து எல்லாரும் வெளியே ஓடிய பிறகும் அவன் நாலைந்து நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. மற்றவர்களுக்கு அது பாகுபாடு பற்றிய பாடம். அவனுக்கு அன்றாடம் நடப்பதுதான், ஒரே வித்தியாசம் அன்றைக்கு டீச்சரின் அனுமதியோடு நடந்தது. ‘கஷ்டத்தை உணர வைக்கிறேன்’ என்று இறங்குகிறவர்கள் வகுப்பில் ஏற்கெனவே உணர்ந்துகொண்டிருப்பவர்களை மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் 1976-இல் பொய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் அரசியல் கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று கொள்கைகள் வந்தன. மாணவன் தானாகத் தீர்ப்புக்கு வர முடியாதபடி அவனை மூழ்கடித்து ஆசிரியர் விரும்பும் கருத்துக்கு இழுக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நலன் எதில் இருக்கிறது என்று பார்த்துச் செயல்படும் திறன் மாணவனுக்கு வர வேண்டும். முதல் கொள்கையை மட்டும் வைத்துப் பார்த்தாலே போதும்: நீலக்கண் விளையாட்டில் பிள்ளை யோசிக்க நேரமே கிடைப்பதில்லை, மூழ்கித்தான் போகிறது.

உணர்வு வேண்டும், காயம் வேண்டாம் என்றால் ஆளை விட்டுவிட்டு விதியைத் தொடுங்கள். ஜன்னலோரம் யார் உட்காருவது என்று ஓட்டெடுப்பு வையுங்கள், ஆனால் கடைசி வரிசைக்கு மட்டும்தான் ஓட்டு. விளையாட்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் ‘இது என்ன நியாயம்?’ என்ற குரல் வரும், அப்போதே நிறுத்திவிட்டு ஓட்டுரிமையின் வரலாற்றுக்குப் போய்விடலாம். அந்த எரிச்சல் போதும் பாடத்துக்கு.

‘என் மகளுக்குப் பதினொரு வயது. ஆன் ஃபிராங்க் பற்றிப் படித்ததிலிருந்து ராத்திரி தூக்கமில்லை, அழுகிறாள். இந்த வயதில் இதெல்லாம் அவசியமா?’ (ஒரு தந்தை)

அழுவதைப் பார்க்கும்போது உங்களுக்கு வயிறு கலங்கும், புரிகிறது. ஆனாலும் பாடத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பாதியில் நிற்கிறது, அதை முடிக்கச் சொல்வேன்.

ஒரு யூதச் சிறுமி, நாஜிகளுக்குப் பயந்து ஒரு மறைவிடம், அப்புறம் மரணம். இதோடு நிறுத்தினால் குழந்தையிடம் மிஞ்சுவது பயம்தான். அவள் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருக்க முடிந்ததே, யாரால்? சாப்பாடும் புத்தகமும் செய்தியும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள், மீப் கீஸ் அவர்களில் ஒருவர், ஆன் எழுதிய தாள்களை எடுத்துப் பத்திரப்படுத்தியவரும் அவர்தான். அதைச் சொல்லுங்கள். பிறகு பின்னோக்கிப் போங்கள். ஒரே நாளில் அங்கே வந்து சேரவில்லை. 1940-இல் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்த பிறகு ஒவ்வொன்றாகத் தடைகள் வந்தன: யூதர்கள் டிராமில் ஏறக் கூடாது, சைக்கிள் வைத்திருக்கக் கூடாது, பிள்ளைகள் தனிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். சைக்கிளைப் பறிப்பது பதினொரு வயதுக்கு நன்றாகவே புரியும். யார் உத்தரவு போட்டார்கள், யார் அதைத் தட்டச்சு செய்தார்கள், யார் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் அழுகை மெல்ல யோசனையாக மாறும்.

பள்ளிக்கும் இதில் ஒரு சேதி. ஒரு முகத்துக்கு இரங்குகிற மனசு எண்ணிக்கைக்கு இரங்காது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினி பற்றிய புள்ளிவிவரத்தைப் படித்தவர்களைவிட ஒரே ஒரு சிறுமியின் கதையைப் படித்தவர்கள் அதிகமாக நன்கொடை தந்தார்கள். சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? தொகை குறைந்துவிட்டது! முகத்தோடு நிறுத்தினால் பிள்ளைகள் ஒருத்திக்காக அழுதுவிட்டு, நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களை ஒரு எண்ணாகக் கடந்துபோவார்கள். எண்ணோடு ஆரம்பித்தால் ஒருத்திக்காகவும் அழமாட்டார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் திணிக்காமல், முகத்தில் தொடங்கி, நாள் கொடுத்து, எண்ணுக்கு வர வேண்டும்.

இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினாள் என்று கேளுங்கள். அறிவுரை வேண்டாம்.

‘நாட்டுப்பற்று, சகிப்புத்தன்மை, பரிவு, இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது?’ (ஓர் ஆசிரியர்)

போடாதீர்கள். உணர்ச்சிக்கு மார்க் என்று தெரிந்துவிட்டால் மறுநாளே வகுப்பு முழுக்க நடிகர்கள்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் காரணத்துக்குப் போடுங்கள்: எதற்காகப் பெருமைப்படுகிறாய், சான்று என்ன, வெட்கப்பட வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டு, பதிலின் தரத்துக்கு. பெருமிதத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு காரணங்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை. படிப்பும் வீரமும் புகழும் ஈகையும். இன்ன இடத்தில் பிறந்தேன் என்பது அதில் இல்லை, கவனித்தீர்களா?

‘உணர்ச்சியோடு கற்றது மறக்காது என்கிறார்கள். அதனால் பெரியவர்களின் நேரடி அனுபவங்களைப் பேட்டி எடுக்கச் சொல்லி ஹோம்வொர்க் தருகிறேன். நல்லதுதானே?’ (ஓர் ஆசிரியை)

ரொம்ப நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலை உளவியலாளர்கள் உல்ரிக் நைஸரும் நிக்கோல் ஹார்ஷும், செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். சுமார் இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் சிலரிடம் அதையே கேட்டால், நிறையப் பேர் வேறு கதை சொன்னார்கள், கொஞ்சமும் தயக்கமில்லாமல். அவர்கள் கைப்பட எழுதியதையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. அழுத்தமாக ஞாபகம் இருப்பதும் சரியாக ஞாபகம் இருப்பதும் வேறு வேறு. ஒரே சம்பவத்தை இரண்டு பேரிடம் கேட்கச் சொல்லுங்கள், பிறகு அந்த நாள் செய்தித்தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முரண்பட்டால் யார் சொன்னது தப்பு என்று போகாமல், ஏன் இப்படி நினைவில் தங்கியது என்று பேசவிடுங்கள். அன்றைய உண்மை செய்தித்தாளில் கிடைக்கலாம், அன்றைய பயம் அந்தப் பெரியவரிடம்தான் கிடைக்கும்.

‘அரசியல் விவாதம் என்றாலே என் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டைக்குப் போகிறது. எனக்கும் ஒரு கட்சி உண்டு, கோபம் வருகிறது. மறைப்பதா, காட்டுவதா?’ (பெயர் வேண்டாம் என்ற ஆசிரியர்)

நீங்கள் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பிள்ளைகளுக்கு என்றைக்கோ தெரியும். கேட்டால் சொல்லுங்கள், கடைசியில் சொல்லுங்கள், உங்கள் கருத்துக்கு எதிரான வலுவான வாதம் எது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். கோபம் வந்தால் ‘எனக்கு இதில் கோபம் வருகிறது, ஒரு நிமிஷம்’ என்று சொல்லித் தண்ணீர் குடிப்பது ஒன்றும் அவமானம் இல்லை. பெரியவர்கள் கோபத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று அவர்கள் வேறு எங்கே பார்க்கப்போகிறார்கள்?

மாணவர்களின் கோபத்துக்கு என்ன வழி? உளவியலாளர் எரான் ஹால்பெரினும் சகாக்களும் 2013-இல் வெளியிட்ட இஸ்ரேல் ஆய்வு ஒன்று. கோபம் மூட்டும் படங்களை, ஒரு விஞ்ஞானி பார்ப்பதுபோல விலகி நின்று பார்க்கச் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கொள்கையை மாற்றிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்தும், ஐந்து மாதம் கழித்தும், பாலஸ்தீனர்களோடு சமரசமான வழிகளுக்கு அவர்களிடம் ஆதரவு கூடுதலாக இருந்தது. வகுப்பில் இதற்கு நான் வைத்திருந்த வழி எளிது: எதிர்த் தரப்பின் வாதத்தை, அந்தத் தரப்புக்காரனே ‘ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான்’ என்று ஒத்துக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். பாதிப் பேர் முதல் தடவை தோற்றுப்போவார்கள். கோபத்துக்கு இடம் கொடுங்கள், இளக்காரத்துக்குக் கொடுக்காதீர்கள். கோபப்படுகிறவன் எதிராளியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், இளக்காரமாகப் பார்க்கிறவன் பேச்சை முடித்துவிட்டான்.

‘எல்லாம் சரி டீச்சர், விவாதம் கொதிக்கும்போது மணி அடித்துவிடுகிறதே?’ (அதே ஆசிரியர், பின்குறிப்பில்)

மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பு நிறுத்துங்கள், யார் பேசிக்கொண்டிருந்தாலும். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள்: இன்றைக்கு எந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது, அடுத்த தடவை யாரிடம் என்ன கேட்கப்போகிறேன். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். அடுத்த வகுப்பை அதில் ஒரு தாளைப் பெயர் சொல்லாமல் படித்து ஆரம்பியுங்கள்.